கௌரி சொல்லாத வாக்கியம்

விளம்பர ஆட்டோ வரும் சத்தம் கேட்டால் கௌரி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வாள். வார் சரியாகத்தான் இருக்கும். பஸ் நிறுத்தமோ ரேஷன் கடை வரிசையோ, எங்கே நின்றாலும் ஒன்பது வருடமாக இதே பழக்கம். ஒலிபெருக்கியில் பேசுவது அவள் குரல். ஆட்டோ வளைவு தாண்டிச் சத்தம் அடங்கிய பிறகே நிமிர்வாள்.

சொந்த ஊர் செம்மநத்தம். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அண்ணன் அங்கப்பன் வீட்டில்தான் இருக்கிறாள். ஏற்காடு டவுனில் கோவிந்தராஜ் நடத்தும் விளம்பரக் கடைக்கு, ஃப்ளெக்ஸ் பேனர் வெட்டிய இடத்தைக் கூட்டிப் பெருக்கத்தான் முதலில் போனாள். ஒருநாள் சேலத்திலிருந்து அறிவிப்புப் படிக்க வரவேண்டிய பெண் வரவில்லை. கோவிந்தராஜ் காகிதத்தை இவள் கையில் திணித்தார்.

"சும்மா படி கண்ணு. உள்ளாற உன்னை யாரும் பாக்கப் போறதில்ல."

எதிரொலி வராமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய சின்ன ஒலிப்பதிவு அறை. கதவைச் சாத்தியதும் அவளுக்கே பழக்கமில்லாத ஒரு குரல் வந்தது. "அடேங்கப்பா, இத்தனை நாளு இதை எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்று அவர் சிரித்தார். அந்தப் பாராட்டு அவளுக்குப் பிடித்திருந்தது.

ஆடித் தள்ளுபடி, பல் ஆஸ்பத்திரி, மிளகு கொள்முதல் என்று எல்லாவற்றையும் படித்தாள். மழை விடாமல் பெய்த ஒரு வாரம், வேலை இல்லாதபோது, கோவிந்தராஜுக்கு ஒரு யோசனை வந்தது. மலையூர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னார். பிறகு 'இன்றே', 'வாரீர்', 'விற்பனைக்கு' போன்ற சொற்கள், ஒன்றிலிருந்து நூறு வரை எண்கள். கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த தினேஷ் எல்லாவற்றையும் தனித்தனியாக வெட்டிச் சேமித்துக்கொண்டான். அவளுக்குக் காய்ச்சல் வந்தாலும் வேலை நிற்காது என்றார்கள். காகிதத்தில் விட்டுப்போன ஊர்களையும் கௌரியே ஞாபகத்திலிருந்து சொன்னாள். செம்மநத்தத்தை மட்டும், முதல் தடவை நன்றாக வரவில்லை என்று, இரண்டு தடவை சொன்னாள்.

போன வருடம் வெளியூர்ப் பார்ட்டி ஒருவர் வீட்டுமனை போட்டு விற்க ஊருக்கு மேலே நிலம் வாங்கினார். ஊரார் சாமை அடிக்கும் பொதுக் களத்தையும் சேர்த்துக் கம்பிவேலி போட்டார். ஊர் கூடி ஒரு கட்டுப்பாடு வைத்தது: அந்த மனைக்காரர்களுக்கு யாரும் ஒரு நாள் கூலிக்குக்கூடப் போகக் கூடாது. அதை முதலில் சொன்னவரே அங்கப்பன்தான்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ ஊருக்குள் வந்தது. கௌரி குனிந்தாள்.

"செம்மநத்தம். அழகான வீட்டுமனைகள். விற்பனைக்கு. இன்றே வாரீர்."

அவள் ஒருநாளும் படிக்காத வாக்கியம் அது. நிமிர்ந்தபோது ஊரே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஊட்டுல பேசச் சொன்னா ஊமை. ஊரை விக்கச் சொன்னா மட்டும் மைக்கு!" என்றாள் பக்கத்து வீட்டு ஆராயி.

சாயங்காலம் மாரியம்மன் கோயில் முன்னால் கூடினார்கள். கௌரி மெதுவாகச் சொன்னாள், தான் சொல்லவில்லை, வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று. குரலை எப்படி வெட்டுவது என்று பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அங்கப்பன் தரையில் கற்பூரம் ஏற்றினார். "கௌரி, இதை நான் சொல்லலீன்னு சத்தியம் பண்ணிக் கையால அமத்து சாமி. எனக்கு அது போதும். ஊருக்கும் போதும்."

அவள் மண்டியிட்டுக் கையை நீட்டினாள். உள்ளங்கையில் சூடு ஏறியது. செம்மநத்தம், அந்த மழையில் சொன்னது. அழகான, ஜவுளிக்கடைக்கு. வீட்டுமனைகள், எப்போதோ ஓமலூர்க்காரருக்கு. அதில் அவள் சொல்லாத சொல் ஒன்றுகூட இல்லை. அம்மன் முன்னால் எதைச் சொல்லவில்லை என்பது? கை தானாகப் பின்வாங்கியது. கற்பூரம் கடைசிவரை எரிந்து அணைந்தது.

அங்கப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் கடையில் கேட்டாள். "ஏனுங்க மொதலாளி, என் குரலை அழிச்சுப்போடுங்க."

"அழிக்கறதா? ஒம்பது வருச வேலை கண்ணு அது. நானா இல்லாததைச் சேத்தேன்? எல்லாம் நீ சொன்னதுதான?"

"அப்ப நான் நின்னுக்கறனுங்க."

"நின்னுக்க. உன் இஷ்டம். குரலு இங்கதான் இருக்கும்."

தினேஷின் திரையில் அவள் சொற்கள் வரிசையாக நின்றன. வேலையை விட்டால், தன் குரல் நாளைக்கு என்ன சொல்லப்போகிறது என்பதுகூடத் தெரியாது. பல் ஆஸ்பத்திரிக் காகிதம் மேசைமேல் காத்திருந்தது. எடுத்துக்கொண்டு முட்டை அட்டை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

கௌரி இப்போதும் அந்தக் கடையில்தான் வேலை செய்கிறாள். காலையில் போனதும், "இன்னிக்கு நான் என்ன சொல்றேன்?" என்று தினேஷிடம் கேட்டுக்கொள்கிறாள். மனை விளம்பரம் புதனும் சனியும் ஓடுகிறது. அங்கப்பன் அவளோடு பேசுவதில்லை.