கிட்வாய் நகரில் ஒரு வடலி

போன வாரம் எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் தோட்டக்காரர் தொட்டிச் செடிகளை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார். லிஃப்டிலிருந்து வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். விசிறி ஓலைப் பாம் செடி ஒன்றின் இளம் மட்டை வெட்டுப்பட்டுக் கிடந்தது. அந்த வாடை! வெள்ளரிப் பிஞ்சை நகத்தால் கீறினால் வருமே, அதில் கொஞ்சம் இனிப்பைக் கலந்த மாதிரி. "அம்மா, ஜல்தி வா, வண்டி வந்தாச்சு" என்று மகள் கூப்பிடுகிறாள். டெல்லியில் பிறந்தவள், அவளுக்கு அவசரமெல்லாம் ஹிந்தியில்தான் வரும். முட்டி வலிக்கிறது என்று சொல்லி இன்னும் கொஞ்சம் நின்றேன். வலிக்கவும்தான் செய்தது, அது வேறு விஷயம்.

எழுபதுகளின் கடைசியில் எங்களுக்கு டெல்லி கிட்வாய் நகரில் கீழ்த்தள குவார்ட்டர்ஸ் கிடைத்தது. என் வீட்டுக்காரர் மிக்கேல் மத்திய சர்க்கார் ஆபீசில் கிளார்க். இரண்டு பேருக்குமே திருநெல்வேலிப் பக்கம், தேரிக்காட்டுச் செம்மண். குவார்ட்டர்ஸ் வாசலில் நாலு புடவை உலர்த்தலாம் என்கிற அளவுக்கு ஒரு துண்டு நிலம். அக்கம்பக்கத்தில் எல்லாரும் ரோஜாவும் புல்தரையும் வைத்தார்கள். இவரோ ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கேரியரில் சாக்கு சுற்றிய எதையோ கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"ஏட்டி, வெளிய வா! வடலி கெடச்சிருக்கு, வடலி!"

எங்கள் பக்கத்தில் இளம் பனைக்கு வடலி என்று பேர். ஓடிப்போய்ப் பார்த்தேன். விசிறி ஓலை, மட்டை ஓரத்தில் கையைக் கிழிக்கிற கருக்கு, எல்லாம் சரி. ஆனால் ஓலை இடுக்கிலிருந்து வெள்ளை வெள்ளையாக நூல் தொங்கியது.

"இது எந்த ஊரு வடலி? தாடி வச்ச கெழவன் மாதிரி இருக்கு. நுங்கு காய்க்குமா?"

"காய்க்காதாம். பங்களாவுல அழகுக்கு வைக்கிற பாம் மரமாம். பானி கம், தூப் ஜாதான்னு நர்சரி பையா சொன்னான். தண்ணி கம்மி, வெயிலு சாஸ்தி. நம்ம ஊர்க்காரன்தாம்ட்டி இவன்!"

குழியில் மணலும் உடைந்த சுவரின் காரையும் கலந்து, மேட்டுப்பாங்காக நட்டார். மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் தண்ணீர். குருத்து விடுகிற உச்சிக் கொண்டையில் தண்ணீர் தேங்கவே கூடாது. நான் பாசம் மிஞ்சிப்போய் அரிசி களைந்த தண்ணீரைத் தினமும் ஊற்றி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "அவன் தாகம் தாங்குவான். நீ சோறு ஊட்டிக் கெடுக்காத." ஜூன் மாத அனல்காற்றில் பக்கத்து ரோஜாக்கள் கருகின, புல்தரைகள் பழைய பாய் நிறத்துக்கு வந்தன. குழாயில் காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் தண்ணீர் வந்த காலம். வடலி மட்டும் ஜம்மென்று சலசலத்தது. ஜனவரிப் பனிமூட்டத்தில் அதற்குச் சாக்குப் போர்த்திவிடுவார். "எனக்கொரு சால் வாங்க வக்கில்ல, மரத்துக்குப் போர்வை கேக்குதோ!" என்பேன். அடுத்த மாதச் சம்பளத்தில் சாலும் வந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

இத்தனை சவரட்சணைக்கும் ஒரு காரணம் இருந்தது. நாங்கள் கத்தோலிக்கர்கள். ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறன்று, எங்கள் ஊரில் ஆளுக்கொரு ஓலை பிடித்துக்கொண்டு கோயிலைச் சுற்றி வருவோம். டெல்லியில் ஓலைக்கு எங்கே போவது? தமிழ்ப் பூசைக்கு வருகிற சின்னக் கூட்டத்துக்கு அசோக மரக் கொப்பை ஒடித்துக் கொடுப்பார்கள். இவருக்கு அது பொறுக்காது.

"கொப்பப் பிடிச்சிக்கிட்டு ஓசன்னா பாட எனக்கு வெக்கமா இருக்குட்டி. வடலி ஆள் ஒசரம் வரட்டும். விரியப்போற ஓலைய மட்டும், உள்குருத்துல கை படாம, நானே எடுத்துக் குடுப்பேன்."

கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். வடலி ஆள் உயரம் வந்தது. அந்த ஜனவரியில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் சாய்ந்துவிட்டார். மரத்துக்குப் போர்த்திய சாக்கை அவிழ்க்க ஆளில்லை. நான்தான் அவிழ்த்தேன். அவர் ஆபீசிலேயே எனக்கு வேலை கொடுத்தார்கள். காலையில் மகளுக்குத் தலை பின்னிவிட்டு, வடலியை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். அது நன்றாக இருந்தால் போதும், நாட்களை ஓட்டிவிடலாம் என்று ஒரு கிறுக்கு எண்ணம்.

அந்த வருஷக் குருத்து ஞாயிறு. அவருடைய சிநேகிதர் தாமஸ் அண்ணன், சென்னைக்காரர், தங்கமான மனிதர். அவர் மனைவி அதிகாலையிலேயே வந்து, கோயிலைக் கூட்டிப் பெருக்க என்று என்னையும் மகளையும் அழைத்துப் போய்விட்டாள். பூசைக்குக் கொஞ்சம் முன்னால் தாமஸ் அண்ணன் உள்ளே வந்தார். கைநிறைய ஓலை.

"மிக்கேல் ஆசைப்பட்டதும்மா. பாரு, எல்லாருமே அவன் ஓலையத்தான் புடிச்சிக்கினு நிக்கப்போறாங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. இருப்பதிலேயே இளசாக ஒன்றை என்னிடம் நீட்டினார்.

கையில் வாங்கினேன். அடிப்பாகம் வெண்ணெய் மாதிரி வெள்ளை. அதற்குள் அடுத்த குருத்து சுருண்டிருந்தது. அதற்குள் விரல் தண்டிக்கு இன்னொன்று. இளசாக வேண்டுமென்று அரிவாளை ஆழமாக இறக்கி, கொண்டையையே எடுத்துவிட்டார்கள். பனை ஜாதிக்கு வளர்கிற இடம் அந்த ஒன்றுதான். அதைத் தோண்டிவிட்டால் பக்கத்தில் துளிர்க்காது. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். பட்டணத்தில் வளர்ந்தவருக்கு எப்படித் தெரியும்?

"நல்லதுண்ணே" என்றேன். வேறு என்ன சொல்வேன், நீங்களே சொல்லுங்கள். எல்லாரும் ஓசன்னா பாடினார்கள். நானும் பாடினேன். வெள்ளரிப் பிஞ்சு வாடை அடித்தது. நான் அழுததைப் பார்த்து, வீட்டுக்காரரை நினைத்து அழுகிறாள் என்று ஆறுதல் சொன்னார்கள். அவரை மறுபடியும் தூக்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது எனக்கு.

தாகம் தாங்குகிற மரமல்லவா, சாவதற்கும் அவசரப்படவில்லை. கோடை முழுக்கச் சுற்று ஓலைகள் பச்சையாகவே நின்றன. "பாபிஜி, ஆப்கா பேட் ஏக்தம் ஹரா ஹை!" என்று, மரம் பச்சைப்பசேலென நிற்பதைப் பக்கத்து வீட்டம்மாள் மெச்சினாள். என்னைப் பார்த்தும் ஆபீசில் தைரியசாலி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் தினமும் தண்ணீர் ஊற்றினேன். அரிசி களைந்த தண்ணீரும் ஊற்றினேன். திட்ட ஆள் இல்லையே. மழை போய்க் குளிர் வந்தபோது ஓலைகள் ஒவ்வொன்றாகத் தொங்கின. சாக்குப் போர்த்தவில்லை.

அந்த குவார்ட்டர்ஸ் வரிசையே இன்று இல்லை. இடித்துவிட்டு, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற கட்டடங்கள் கட்டிவிட்டார்கள். எங்கள் வாசல் எங்கே இருந்தது என்று என்னால் காட்ட முடியாது. தாமஸ் அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார், வடலி எதனால் பட்டது என்று கடைசிவரை தெரியாமல். தெரியாமல் போனதே நல்லது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருஷம் திருநீற்றுப் புதனுக்கு, வழக்கம்போலப் பழைய ஓலைகளைக் கொண்டுவரச் சொன்னார்கள். அவற்றை எரித்த சாம்பலைத்தான் எங்களுக்கு நெற்றியில் பூசுவது. எல்லார் வீட்டிலிருந்தும் அவருடைய ஓலை திரும்பி வந்தது. நானும் என்னுடையதைச் சட்டியில் போட்டேன். அந்தச் சாம்பல் என் நெற்றிக்கு வந்தது. ஆபீசில், "முகத்துல என்னமோ ஒட்டியிருக்கு, தொடைச்சுக்குங்க" என்றார்கள். துடைக்கவில்லை. அன்று முழுவதும் அவர் என்னோடு இருந்தார். மறுநாள் காலை குழாயில் தண்ணீர் வந்தது. நின்றுவிட்டால் மறுபடி சாயங்காலம்தான் வரும். முகம் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.