ஓந்துக்குத் தீனி போட்ட வீடு

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி காலிஃபிளவர் துண்டுகளையும் சோளமாவையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயை இறுக்கிப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் கேட்டதுமே எனக்குப் பசி போய்விட்டது. சொன்னால் நம்பமாட்டீர்கள், நான் அப்படிக் கவர் குலுக்கிய காலத்தில் உள்ளே இருந்தவை உயிருள்ள பூச்சிகள். மாவுக்குப் பதில் கால்சியம் பொடி.

மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு ஏற்றுமதி அலுவலகத்தில் எனக்கு முதல் வேலை. மதுரைப் பக்கத்திலிருந்து போனவன், மலையாளம் பிடிபடவில்லை. தெருவெல்லாம் சுக்கும் மிளகும் காரமாக மணக்கும். நான் பேசியதைவிடத் தும்மியதுதான் அதிகம். தமிழ் பேசும் வீடாகப் பார்த்து மாடியறைக்குக் குடிபோனேன். தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கும் குடும்பம். ராஜு மாமா, விசாலம் மாமி, இரண்டே பேர். பிள்ளை பெங்களூரில்.

இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை என்பது குடிபோன பிறகுதான் தெரிந்தது. மாமியின் தம்பி வீட்டுக் கிருகப்பிரவேசத்தில் பாயசம் சுமார் என்று மாமா சொன்னாராம். அதிலிருந்து மௌனம். எனக்கு இரண்டாவது உத்தியோகம் கிடைத்தது அப்படித்தான். காப்பி ஆறுகிறதென்று அவரிடம் சொல் என்பார் மாமி. மாமா என் பக்கத்திலேயே நிற்பார். நானும் திரும்பி, காப்பி ஆறுகிறதாம் மாமா என்பேன். சர்க்கரை கம்மி என்று பதில் வரும். அதையும் கொண்டு சேர்ப்பேன்.

இந்த நிலைமையில்தான் மாமா ஒரு பச்சோந்தியோடு வந்து இறங்கினார். கூட வேலை பார்த்த நண்பர் மகளோடு ஆஸ்திரேலியாவுக்குப் போகிறார், வளர்த்ததைத் தெருவில் விட மனசில்லை, இவர் தலையில் கட்டிவிட்டார். வெளிநாட்டுச் சாதி, தலையில் கிரீடம் மாதிரி ஒரு கொண்டை. ஒரு கண் மாமாவையும் இன்னொரு கண் மாமியையும் பார்த்தது. இந்த ஓந்து வீட்டுக்குள் வரக்கூடாது என்று மாமி என் மூலமாகத் தீர்ப்பு சொன்னார். கூண்டு என் அறை வாசலுக்கு வந்தது. மாமா அதற்குக் குட்டன் என்று பெயர் வைத்தார்.

குட்டன் கிண்ணத்தில் தண்ணீர் குடிக்காது. இலையில் தெளித்துவிட்டால், சொட்டு சொட்டாக நக்கும். தின்பது உயிருள்ள பூச்சி மட்டும். மாமா எறணாகுளத்திலிருந்து பூச்சி வாங்கிவந்து, அவை ஒளிந்துகொள்ள ஒரு பெட்டியில் முட்டை அட்டைகளை அடுக்கினார். சுத்த சைவ வீட்டில் முட்டை அட்டை! மாமி முகம் சிவந்து அதில் என்ன வளர்கிறது என்று என்னைக் கேட்டார். ராத்திரியில் கிரீச்சிடும் அந்தப் பூச்சிக்கு எங்கள் ஊரில் சொல்லும் பேரையே நானும் யோசிக்காமல், "சுவர்க்கோழி மாமி" என்றேன். மாமி காதில் கோழி மட்டும்தான் விழுந்தது. அன்று எனக்குச் சாப்பாடு இல்லை. பெட்டியைத் திறந்து காட்டிய பிறகு, "சீவீடுன்னு மலையாளத்துல சொல்லித் தொலைக்கப்படாதா?" என்று ரசம் ஊற்றினார்.

அந்தப் பூச்சிகளுக்கும் தீனி வேண்டும். அவை தின்றதுதான் குட்டன் உடம்பில் சேரும் என்று மாமிக்கு விளக்கினேன். மறுநாளிலிருந்து பெட்டியில் முருங்கைக் கீரையும் பொடிப்பொடியாக நறுக்கிய காரட்டும் கிடந்தன. கல்யாணச் சமையலுக்குக்கூட அவ்வளவு மெலிசாக யாரும் நறுக்கமாட்டார்கள்.

இரண்டு மூன்று மாதத்தில் குட்டன் உருண்டையானான். பிறகு ஒருநாள் நாக்கை நீட்டவில்லை. பகலிலேயே கண்ணை மூடிக்கொண்டு கிளையில் ஒட்டிக் கிடந்தான். மாமாவும் நானும் ஆட்டோவில் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பும்போது, மாமியும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து ஏறினார்.

மிருக டாக்டரம்மா குட்டனைப் புரட்டிப் பார்த்தார். இது வளர்ந்த பிராணி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாலைந்து பூச்சி போதும். கால்சியம் லேசாகத் தூவலாம். வைட்டமின் பொடி மட்டும் மாதத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் கூடாது, மிஞ்சினால் அதுவே விஷம் என்றார். யார் இத்தனை போட்டது என்றும் கேட்டார். தினமும் காலையில் தான் போட்டதாக மாமா சொன்னார். மாமி சுவரைப் பார்த்துக்கொண்டு, மத்தியானம் அது தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும், பாவமாக இருக்கும், அதனால் தானும் என்று இழுத்தார். இரண்டு பேரும் இரண்டு பொடியையும் தாராளமாகத் தூவியிருக்கிறார்கள். டாக்டரம்மா என்னைப் பார்த்து, இவர்கள் ஒரே வீட்டில்தானே இருக்கிறார்கள் என்றார்.

சில நாள் பட்டினிக்கும் மருந்துக்கும் பிறகு குட்டன் கண் திறந்தான். அன்று மாமி மாடிக்கு வந்தார்.

"இன்னிக்குப் போட்டேளா?"

மாமா பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்தார்.

"அவனை எந்துக்குப் பாக்கறேள்? உங்களைத்தான் கேக்கறேன்."

மாமா மாமி பக்கம் திரும்பினார். "போடலை. நாளைக்குத்தான்."

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. காரட்டா பூசணியா, பொடி ஒரு சிட்டிகையா அரை சிட்டிகையா என்று தொடங்கும் சண்டை பாயசம் வரைக்கும் போகும். பூச்சியையும் பொடியையும் கவரில் போட்டுக் குலுக்குவது மட்டும் என் வேலையாயிற்று. மற்ற நேரம் மாடியில் நான் தலையணையால் காதை மூடிக்கொள்வேன்.

குட்டன் சில வருஷம் நன்றாக இருந்து, வயதாகிப் போனான். மாமாவும் போய்விட்டார். வீட்டை விற்றாயிற்று, இப்போது வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற விடுதி. மாமி பெங்களூரில், பிள்ளையோடு. போன மாதம் போனில் பேசினேன். சௌகரியமாக இருக்கிறதா என்று கேட்டதற்கு, ஒன்றும் குறையில்லை என்றார். பிறகு சொன்னார்:

"இங்க எல்லாரும் ரொம்ப மெதுவாப் பேசறா. உரக்கச் சண்டை போட ஒருத்தரும் இல்லை."