கங்காணிக்குப் பூசிய எண்ணெய்

செல்லச்சாமிக்கு நாய்மேல் பாசம் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவான். "பாசமும் இல்ல, பருப்பும் இல்ல. வாச்சர் வேலைக்கு நாய் வேணும், அவ்வளவுதான்" என்பான்.

மாத்தளைக்கு மேலே, மிளகும் கராம்பும் விளையும் தோட்டத்தில் இருபது வருடமாகக் காவல் காக்கும் வாச்சர் அவன். நாயின் பெயர் கங்காணி. ஆட்களை வேலை வாங்கும் கங்காணி மாதிரி, வேலைக்குப் போகிறவர்களுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நடந்ததால் லயத்து வீடுகளில் குடியிருக்கும் ஆட்கள் வைத்த பெயர் அது.

கங்காணிக்கு இப்போது பதினாலு வயது. பின்னங்கால் இரண்டும் பிடித்துப்போய், எழும்பவே பாடுபட்டது. செல்லச்சாமி தன் முழங்கால் வலிக்குப் பூசும் எண்ணெயையே எடுத்தான். மிளகையும் கராம்பையும் இடித்துத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சியது. தோட்டத்தில் எல்லார் வீட்டிலும் ஒரு போத்தல் இருக்கும். சாயங்காலம் தவறாமல் நாயின் காலில் சூடு பறக்கத் தேய்த்தான்.

ஐந்தாம் நாள் கங்காணி சோற்றை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. மறுநாளும் அப்படியே.

"அதுக்குக் காலம் முடிஞ்சிருச்சுங்க," என்றாள் மனைவி விஜிதா. "ஊசி போட்டு அனுப்பிருங்க, பாவம்."

"ஒன் வாய்க்குத்தான் மொதல்ல ஊசி போடணும்."

ஓட்டோ பிடித்து, நாயை மடியில் கிடத்திக்கொண்டு டவுனில் இருக்கும் மிருக டொக்டரிடம் போனான். அவரும் அதே ஊசியைச் சொல்லிவிடுவாரோ என்று வழியெல்லாம் நாயின் தலையைத் தடவிக்கொண்டே வந்தான்.

டொக்டர் ஒரு சிங்கள அம்மா; நோனா என்றுதான் எல்லாரும் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். நாயின் வாயைத் திறந்தார். நாக்கெல்லாம் புண். பிறகு குனிந்து அதன் காலை முகர்ந்தார்.

"என்ன பூசினது?"

சொன்னான்.

"நாய் காலை நக்கும் தானே, ஐயா? நீங்க உங்க முழங்காலை நக்குறதா?"

செல்லச்சாமி நாயின் காலைக் கையால் மூடிக்கொண்டான். "அப்ப... சாகப் போறதில்லையா நோனா?"

"சாகிற நோய் ஒண்ணும் இல்ல. பசி இருக்கு. வாய் எரியுது, அதுதான் தின்னல்ல."

வீட்டுக்கு வந்ததும் சவர்க்காரம் போட்டுக் காலைக் கழுவினான். சாக்கை நாலாக மடித்துப் படுக்கவைத்து, வெந்நீரில் பிழிந்த துணியால் ஒத்தடம் கொடுத்தான். டொக்டர் தந்த மருந்தை நாக்கில் தடவி, ஆறிய கஞ்சியை விரலில் தொட்டு ஊட்டினான். முதல் நாள் நாலு விரல் கஞ்சிக்கே அரை மணி நேரம்.

மூன்றாம் நாள் கங்காணி விரலை ஒதுக்கிவிட்டுத் தட்டிலேயே வாயை வைத்தது.

"மெதுவா தின்னு, மூதேவி," என்று அதட்டிவிட்டு, அது நக்கி முடிக்கும்வரை தட்டு நகராமல் பிடித்துக்கொண்டிருந்தான் செல்லச்சாமி.