சந்தை வாசல் சுமைதாங்கி

சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், நானும் இந்த மாதிரிக் கதைகளுக்குச் சிரித்தவன்தான். சித்தூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் எதையோ பார்த்துவிட்டுக் காய்ச்சலில் படுத்தபோது, கண் டாக்டரிடம் போகச் சொன்னவன் நான்.

என் மனைவி தேவகி எட்டு மாதக் கர்ப்பத்தில் இறந்துபோனாள். அப்படி வயிற்றுப் பிள்ளையோடு போனவளுக்குச் சுமைதாங்கி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நெஞ்சு உயரத்துக்கு இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்துவார்கள். வழிப்போக்கர்கள் தலைச்சுமையை அதில் இறக்க இறக்க, அவள் சுமையும் இறங்குமாம். தேவகிக்கும் ஒன்று வைக்கச் சொல்லி மாமியார் அழுதுகொண்டே கேட்டார்.

"இப்பெல்லாம் யாருங்க அத்தை தலைல தூக்கீட்டுப் போறாங்க? எல்லாம் ஆட்டோலதான போகுது" என்றேன். அதோடு அவர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னால் வீட்டில் இருக்க முடியாது. ஏதாவது பஸ்ஸில் ஏறி, அது நிற்கிற ஊரில் இறங்கி, சும்மா சுற்றிவிட்டுத் திரும்புவேன். அப்படித்தான் போன மாசியில் எல்லையோரத்துப் பழைய சந்தை ஊர் ஒன்றுக்குப் போனேன். கணவாய் வழியாகப் பொதிமாடுகள் உப்பும் மிளகும் சுமந்துபோன காலத்து ஊர். அன்று சந்தை இல்லை. வெறும் கொட்டகைகள், புளியமரங்கள், உச்சி வெயில், ஓர் ஆள் கிடையாது. வாசலில் ஒரு சுமைதாங்கி இருந்தது. எத்தனை பேர் இறக்கி வைத்தார்களோ, மேல்கல் நடுவில் வழவழவென்று தேய்ந்திருந்தது. அதில் சாய்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, செத்த எறக்கி உடுங்க."

நம்பினால் நம்புங்கள், தேவகியின் குரல். அவள் போவதற்கு முந்தின வாரம், தலையில் தண்ணீர்க் குடத்தோடு வந்து வாசலில் நின்று இதையேதான் கேட்டாள். "இரு, வாறேன்" என்று சொல்லிவிட்டுச் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவளாகவே குனிந்து இறக்கினாள். இதை நான் மாமியாரிடம்கூடச் சொன்னதில்லை.

இந்த முறை போனைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி இரண்டு கைகளையும் தூக்கினேன். எதிரே யாரும் இல்லை. ஆனால் கைகளில் பாரம் இறங்கியது. தளும்புகிற, சில்லென்ற முழுக் குடத்தின் பாரம். "உடு, நான் புடிச்சுக்கறேன்" என்று சொல்லி மெதுவாகக் கல்லின்மேல் வைத்தேன். பாரம் போய்விட்டது. கல்லில் வட்டமாக ஈரம் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெயிலில் காய்ந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பஸ் நிறுத்தத்து டீக்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சட்டையெல்லாம் எங்கீங்க நனச்சீங்க? இங்க கொழாயில தண்ணி வந்து நாலு நாளாச்சுங்களே."

அடுத்த மாதமே எங்கள் தெருமுனையில் தேவகி பேரில் சுமைதாங்கி வைத்தேன். மாமியார் வந்து கல்லைத் தொட்டுக் கும்பிட்டார். "சாப்புட்டீங்களா மாப்ள?" என்று கேட்டார்.

தினமும் அந்தக் கல்லைத் தடவிப் பார்க்கிறேன். ஒருநாளும் ஈரமில்லை. அந்தச் சந்தை வாசலிலேயே இறக்கிவிட்டு நிம்மதியாகப் போய்விட்டாளா, அல்லது இன்னும் எங்கள் வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாளா, என் காதில்தான் விழவில்லையா, தெரியவில்லை. வீட்டில் இருக்கும்போது நான் வாசல் கதவைச் சாத்துவதில்லை.