மன்னார் அக்காவும் நஞ்சு வைத்தவளும்

தொண்ணூறுகளில் நியூசிலாந்தின் ஒடாஹுஹுவில் நானும் மன்னாரைச் சேர்ந்த ஓர் அக்காவும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தேன். அவருக்கு முதியோர் இல்லத்தில் வேலை. தன் கணவர் இலங்கைச் சண்டையில் இறந்துவிட்டார் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார். அவர் போகும் சர்ச்சுக்கு வரும் எலெக்ட்ரீசியன் ஒருவருக்கு அவரைக் கலியாணம் பேசி, நாளும் குறித்திருந்தார்கள்.

அந்தத் தவணை எனக்கு விக்டோரியா மகாராணி காலத்து நாவல் ஒன்று பாடம். சமைக்கும்போது அதை அக்காவுக்குக் கதையாகச் சொல்வேன். அடிக்கிற கணவனை விட்டு ஓடிய ஒருத்தி, ஆற்றில் மூழ்கிச் செத்ததாக ஊரை நம்பவைத்து, வேறு பெயரில் ஒரு டாக்டரைக் கட்டுகிறாள். கணவனின் தம்பி அவளைக் கண்டுபிடிக்கிறான். அவனுடைய தேநீரில் நஞ்சு கலக்கிறாள்.

"பிடிபட்டிட்டாளோ?" வெங்காயம் வெட்டிய கை நின்றுவிட்டது.

"இன்னும் வாசிக்கேல்லை அக்கா. வில்லிதானே, பிடிபடுவாள்."

"வில்லியோ? அவளுக்கு வேற என்ன வழி இருந்தது, சொல்லும் பாப்பம்."

அதன்பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. டெலிபோன் அடித்தால் திடுக்கிடுவார். ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்: "அந்தாள் சாகேல்லை பிள்ளை. கொழும்பில இருக்கு. அடி தாங்கேலாமத்தான் வந்தனான்."

"கட்டப்போறவரிட்டச் சொல்லுங்கோ அக்கா. கலியாணத்துக்கு முதல்."

மறுநாளே அக்கா எலெக்ட்ரீசியனை வரச் சொன்னார். வாசலில் நின்ற வானுக்குள் இருவரும் கதைத்தார்கள். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வான் போய்விட்டது. அக்கா உள்ளே வந்து, "எல்லாத்தையும் சொல்லிட்டன். கேட்டிட்டுப் போட்டார்" என்றார்.

ஒரு கிழமையாக அவரிடமிருந்து பேச்சில்லை. யாரிடமாவது சொல்லிவிடுவாரோ, விசாவுக்கு ஏதும் சிக்கல் வருமோ என்று இருவரும் பயந்தோம். இதற்கிடையில் நான் நாவலை முடித்திருந்தேன். அவள் சிறையில் சாகிறாள். அக்கா கேட்டபோது, இன்னும் முடிக்கவில்லை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவரே வந்தார். உட்காரவில்லை.

"செத்திட்டார் எண்டு சொன்னதுதான் நோகுது. அடிச்சவன் எண்டு சொல்லியிருந்தா எனக்கு விளங்கியிருக்காதோ?"

"பயமா இருந்தது," என்றார் அக்கா.

"ஓம். இனி லோயரைப் பாப்பம்."

விவாகரத்து இழுபட்டு, கலியாணம் பதிவதற்கு இரண்டு வருஷம் ஆனது. முதல் கணவர் உயிரோடு இருப்பதால் சர்ச்சில் கட்டிவைக்கப் பாதிரியார் மறுத்துவிட்டார். அக்கா அழுதார். ஆனாலும் அடுத்த ஞாயிறே கணவரோடு பூசைக்குப் போய் முன்வரிசையில் இருந்தார்.