அப்பா துக்கம் விசாரிக்கப் போன ஊர்

கரவெட்டியில் பிறந்து மொன்றியலில் கண்மூடிய எங்கள் அப்பாவின் முதலாம் ஆண்டு ஆட்டத்திவசத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கு, இடையில் அவருக்கு வாய்த்த இன்னோர் ஊரைத் தெரியாது. அது தெற்கு இத்தாலியில் இருக்கும் பித்தொந்தோ.

போர்க்காலத்தில் கனடாவுக்கென்று புறப்பட்ட அப்பாவை, காசு வாங்கி ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் இத்தாலியில் கைவிட்டுவிட்டார். பித்தொந்தோவில் ஒலிவ் தோட்டக்காரர் ஒருவர் வேலையும் படுக்க இடமும் கொடுத்தார். அப்பாவுக்கு அவர் கடைசிவரை 'முதலாளி'தான். மரத்தடியில் வலை விரித்து, கொப்புகளைக் கம்பால் தட்டிக் காய் உதிர்க்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாளி குடும்பத்தோடு, பல நூற்றாண்டு பழைய வெள்ளைக்கல் தேவாலயத்துக்குப் போய்ப் பின்வரிசை வாங்கில் இருப்பாராம். சைவக்காரருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டால், சாப்பாடு போட்டவர்கள் கும்பிடும் இடம் என்பார்.

பிறகு ஒருவழியாக மொன்றியல் வந்து சேர்ந்து, சென்ட் லோரன்ட் பகுதித் தொழிற்சாலையில் நின்று உழைத்து, பார்க் எக்ஸ்டென்ஷன் வாடகை வீட்டில் எங்களை ஆளாக்கினார். அப்பா பிடிவாதக்காரர். கலியாணவீட்டைத் தவறவிட்டாலும் செத்தவீட்டைத் தவறவிடமாட்டார். பனிப்புயலில் பஸ் நின்றுபோனால் நடந்தே போவார்.

இருதய சத்திரசிகிச்சை முடிந்து தேறிவரும் நேரத்தில், முதலாளி இறந்த செய்தி வந்தது. தொலைபேசியில் ஆறுதல் சொன்னால் போதும் என்று அம்மாவும் நாங்களும் மன்றாடினோம்.

"அந்த வீட்டில சாப்பிட்டவன் நான். போனிலயோ துக்கம் விசாரிக்கிறது? நான் போறன்."

வைத்தியர் அரைமனதோடு சம்மதித்தார். நான் கூடப் போனேன். முதலாளியம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டு அப்பா விம்மி அழுதார். பிறகு நமது வழக்கப்படி, ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்து வெளியே நடந்தார். செத்தவீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாதென்பது நமக்குத் தெரியும். அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? கல் பதித்த ஒழுங்கையில் பின்னால் ஓடிவந்து, கோபமா, நாங்கள் ஏதும் பிழைவிட்டோமா என்று அழுதழுது கேட்டார்.

அப்பா திரும்பி அவரிடம் வந்தார். எந்த வழக்கத்தையும் மீறாத மனிதர், அன்று மீறினார்.

"கோவமில்லை அம்மா. போட்டு வாறன். காய் தட்டேக்க வருவன்."

போய்வருகிறேன், அறுவடைக்கு வருவேன் என்று தமிழில் சொன்னதைத் தன் அரைகுறை இத்தாலியத்திலும் சொன்னார். அந்த அம்மாவின் முகம் தெளிந்தது.

அறுவடைக்கு முன்பே அப்பா போய்விட்டார்.

அவரைப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், இறுதிக்கிரியையில் தோள்கொடுத்தவர்களுக்கும், அம்மாவைப் பட்டினி இருக்கவிடாத மாடிவீட்டு அயலவர்களுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. முதலாளியம்மாவுக்கு மட்டும் நேரில் சொல்லப்போகிறோம். இந்த அறுவடைக்கு அம்மாவும் தம்பியும் நானும் பித்தொந்தோ போகிறோம். கம்பு பிடிக்க எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனாலும் அப்பா அங்கே வருவேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.