சராசரிக் கண்ணாடி

பனியன் கம்பெனியில் துணி செக்கிங் என் வேலை. ஒரே ரோலில் பல இடங்களில் வெட்டி எடை போட்டு, சராசரியை எழுதுவேன். அந்தப் புத்தி கண்ணாடிக் கடைக்கும் கூடவே வந்துவிட்டது.

அப்போது திருப்பூரில் கம்ப்யூட்டர் கண் பரிசோதனை புதிது. எனக்கு மட்டும் ஒவ்வொரு வாரமும் வேறு பவர் காட்டியது. கடைக்காரர் பாய் லென்ஸைத் துடைத்தார், டியூப்லைட்டை அணைத்தார், வெயில் படாமல் திரையை இழுத்தார். தன் கண்ணை வைத்தும் பார்த்தார். அவருக்கு எப்போதும் ஒரே பவர்தான்.

“மெஷின் சரியாத்தானுங்க இருக்குது. எதுக்கும் சுகர் பாத்துருங்க.”

“ஏனுங்க பாய், கண்ணுல பாகா வடியுது? எல்லாத்தையும் கூட்டி சராசரி போட்டுக் குடுங்க.”

அவர் சிரிக்கவில்லை. தயங்கித் தயங்கித்தான் கொடுத்தார்.

அதை மாட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் சுற்றினேன். ஒரு காலையில் வலக்கண்ணுக்குள் மை கொட்டியதுபோல் இருண்டது. சர்க்கரை முற்றி உள்ளே ரத்தம் கசிந்துவிட்டது என்றார் டாக்டர். பவர் ஏறி இறங்கியதும் சர்க்கரையால்தானாம். அந்தக் கண்ணில் பார்வை திரும்பவே இல்லை.

மிச்சமிருக்கும் கண்ணுக்காக இப்போது மாதாமாதம் சர்க்கரை பார்க்கிறேன். வலப்பக்கமிருந்து யார் கூப்பிட்டாலும் முழு உடம்பையும் திருப்பித்தான் பதில் சொல்ல முடிகிறது. ஆளுக்கு இப்போதுதான் மரியாதை தெரிகிறது என்று கம்பெனியில் பேசிக்கொள்கிறார்கள்.